நிரல் எழுதிக் கவிதை செய்தல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் மாணவர்களோடும் தமிழாசிரியர்களோடும் கணினியையும் யாப்பையும் சேர்த்துப் பேசும் இடங்களில் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்து, இயன்றவரை விளக்கமாக விடை எழுதியிருக்கிறேன். முன்னர் சொன்னது பின்னர் தேவைப்படும் இடத்தில் கேள்வி எண் தரப்பட்டுள்ளது.

1. சேர், கொம்பியூட்டர் கவிதை எழுதும் எண்டு சொல்லுறீங்கள். அதுக்கு யோசிக்கத் தெரியுமோ?

நாம் கவிதைக்காக யோசிப்பது போல அது யோசிப்பதில்லை. கணினியைக் கொண்டு கவிதை செய்யும் வழிகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். முதல் வகையில், நாமே தொகுத்த சொற்பட்டியலிலிருந்து நாமே வகுத்த விதிப்படி சொற்களை எழுமாறாகத் தெரிந்து அடுக்குமாறு ஒரு நிரலை (புரோகிராமை) எழுதுகிறோம். இரண்டாம் வகை, சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகள். அவை மிகப் பெருந்தொகையான எழுத்துகளைப் படித்துப் பயிற்றப்பட்டவை. ஒரு வரியின் அடுத்த துண்டாக எது வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதிச் செல்பவை.

முதல் வகையை நம்மவர்கள் அந்நியமாகக் கருத வேண்டியதில்லை. தாலாட்டில் வரி அப்படியே நிற்க, மாமன், மாமி, அத்தை, பாட்டி என்று உறவுப்பெயர் மட்டும் மாறி மாறி வருவதையும், ஒப்பாரியில் இறந்தவரின் உறவுக்கேற்ப விளி மாறுவதையும் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வரியில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு அதில் பொருத்தமான சொல்லை இடும் உத்தி நமது அம்மம்மாக்களிடம் ஏற்கெனவே இருந்தது. நிரல் அந்த இடத்தை எழுமாறாக நிரப்புகிறது. அவர்கள் அறிந்து நிரப்பினார்கள்.

2. இது இப்ப, சாட்ஜிபிடியோட வந்த விசயம்தானே?

இல்லை. கணினி பிறப்பதற்கு முன்னரே, 1845இல் ஜோன் கிளார்க் என்பவர் இலத்தீன் செய்யுள் அடிகளை ஆக்கும் பொறியொன்றை இலண்டனில் காட்சிக்கு வைத்தார். 1913இல் ரஷ்யக் கணிதவியலாளர் மார்க்கோவ், புஷ்கினின் செய்யுட் புதினமொன்றில் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் உயிர் வருவது எத்தனை, மெய் வருவது எத்தனை என்று கையால் எண்ணினார். முன்னே வந்ததைக் கொண்டு அடுத்து வருவதைக் கணிக்கும் இன்றைய முறையின் வேர்களில் ஒன்று அங்கே, ஒரு கவிதை நூலில், இருக்கிறது.

1952இல் கிறிஸ்தோபர் ஸ்ட்ராச்சி மன்செஸ்ரர்க் கணினியில் காதல் கடிதங்களை ஆக்கும் நிரலொன்றை எழுதினார். 1959இல் ஜேர்மனியரான தியோ லுட்ஸ், கஃப்காவின் புதினமொன்றிலிருந்து 16 எழுவாய்களையும் 16 பயனிலைகளையும் எடுத்து, சூசே இசட்22 என்னும் கணினியைக் கொண்டு வாக்கியங்களை ஆக்கினார். 1961இல் பிரெஞ்சுக் கவிஞர் ரேமோன் கெனோ கணினியே இல்லாமல் இதைச் செய்தார். பதினான்கு அடிகள் கொண்ட 10 கவிதைகளை எழுதி, ஒவ்வோர் அடியையும் தனித்தனிக் கீற்றாக வெட்டிப் புரட்டும்படி அச்சிட்டார். எந்த அடியோடும் எந்த அடியும் சேரலாம் என்பதால் அந்தச் சிறு நூலிலிருந்து ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வரும் அளவு கவிதைகள் பிறக்கும். இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபோமர் என்னும் வடிவமைப்பு வெளிவந்தது 2017இல். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில்.

3. நான் புரோகிராமிங் படிக்கேல்லை. என்னாலயும் ஒண்டு செய்யேலுமோ?

செய்யலாம். மூன்று பட்டியல்களை எழுதுங்கள். முதலாவதில் இடங்கள்: குளக்கட்டில், வயல் வரம்பில், பாலை நிழலில், ஒழுங்கை முடக்கில் (பாலை என்பது இங்கே மரம்). இரண்டாவதில் பொருள்களும் உயிர்களும்: ஒற்றைக் கொக்கு, பழைய வண்டில், அறுந்த கயிறு. மூன்றாவதில் வினைகள்: காத்திருக்கிறது, நனைகிறது, மழை கேட்கிறது. ஒவ்வொன்றிலும் 8 இருந்தால் 8×8×8, அதாவது 512 சிறு கவிதைகள் கிடைக்கும். ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஒன்றை எழுமாறாக எடுத்து மூன்று வரிகளாக அச்சிடும் நிரலைப் பைதன் என்னும் நிரல்மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம்.

அந்த 512இல் பெரும்பாலானவை உயிரற்றிருக்கும். ‘ஒழுங்கை முடக்கில் / பழைய வண்டில் / நனைகிறது’ என்பது வெறும் செய்தி. ‘பாலை நிழலில் / பழைய வண்டில் / மழை கேட்கிறது’ என்று வரும்போது, வண்டில் மழையின் ஓசையைக் கேட்கிறதா, மழை வேண்டும் என்று கேட்கிறதா என்று வாசகர் ஒரு கணம் நிற்கிறார். அந்த இரட்டைப் பொருள் நிரலுக்குத் தெரியாது. அதைக் கண்டு எடுத்து மற்றவற்றைத் தள்ளுவது உங்கள் வேலை. பட்டியலில் ‘கேட்கிறது’ என்ற சொல்லை வைத்ததும் உங்கள் வேலை.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்துக்கென எழுதிய நிரல்களைப் பார்த்து அப்படியே செய்தால் சொற்கள் ஒட்டா. குளம் ‘குளத்தில்’ ஆகிறது, காடு ‘காட்டில்’ ஆகிறது, வயலோ ‘வயலில்’ என்று மட்டும் நிற்கிறது. இரண்டாம் பட்டியலில் ‘அம்மா’ என்று சேர்த்துவிட்டால் ‘அம்மா நனைகிறது’ என்று வரும். ஆகவே தொடக்கநிலையில் வேற்றுமை ஏற்ற வடிவத்தையே பட்டியலில் எழுதிவிடுங்கள். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் தனித்தனிப் பட்டியல் வையுங்கள். புணர்ச்சி விதிகளை நிரலுக்குள் எழுதுவது அடுத்த படி. அதை எழுதிப் பார்க்கும் மாணவர் நன்னூலின் புணரியலை மனனம் செய்யாமலே கற்றுக்கொள்கிறார் என்பது எனது உறுதியான எண்ணம்.

4. எங்களிட்டைக் கொம்பியூட்டர் இல்லை, போன்தான். சிக்னலும் ஒழுங்காக் கிடைக்காது.

மூன்றாம் கேள்வியில் சொன்னதற்கு இணையம் தேவையில்லை. பைதனை இயக்கும் செயலிகள் அன்ரொயிட் கைப்பேசிக்கு உண்டு; ஒருமுறை இறக்கிக்கொண்டால் அவை இணைப்பின்றியும் இயங்கும். அதுவும் இல்லையெனில் பட்டியல்களைக் கடதாசித் துண்டுகளில் எழுதி மூன்று பேணிகளில் இட்டுக் குலுக்கி எடுங்கள். செய்முறை அதுவே.

5. ‘தமிழ்’ எண்ட சொல்லில மூண்டு எழுத்து. கொம்பியூட்டர் ஏன் ஐஞ்சு எண்டு சொல்லுது?

கணினிகள் எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் பொதுமுறையான ஒருங்குறியில் (யுனிகோட்) தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண்கள் வழங்கப்படவில்லை. உயிர்களுக்கும், ஆய்தத்துக்கும், அகரமேறிய மெய்களுக்கும், உயிர்க்குறிகளுக்கும், புள்ளிக்குமே எண்கள் உண்டு. எனவே ‘தமிழ்’ என்பதைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக வைத்திருக்கிறது. ‘விகடகவி’ என்ற சொல்லைத் திருப்பி எழுதினாலும் விகடகவிதான். ஆனால் கணினியிடம் அப்படியே திருப்பச் சொன்னால் இகரக் குறி வகரத்துக்கு முன்னே போய்விழுந்து சொல் சிதைந்துவிடும்.

கவிதைக்கு இது சிறிய விடயமன்று. அசை பிரிக்கவும், எதுகை மோனை தேடவும், எழுத்தெண்ணிப் பாடவும் முதலில் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். அகரமேறிய மெய்யைத் தொடர்ந்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் இரண்டையும் சேர்த்து ஓர் எழுத்தாகக் கொள்க என்ற ஒரே விதியை எழுதினால் போதும். ஓப்பன்-தமிழ் என்னும் பைதன் நிரலகத்தில் இதைச் செய்யும் செயற்கூறு ஆயத்தமாகவே உள்ளது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘கொ’ என்பதன் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டையும் நிரல் வெவ்வேறு சொற்களாகக் கருதும். ஆகையால் எதையும் எண்ணுவதற்கு முன்னர் பனுவல் முழுவதையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

6. அப்பா பாமினியில அடிச்சு வச்ச பழைய கவிதையள் கிடக்கு. அதையும் குடுக்கலாமோ?

நேரடியாகக் கொடுக்க முடியாது. பாமினி என்னும் பழைய எழுத்துருவில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். தோற்றம் மட்டுமே தமிழ். ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உண்டு. மாற்றியபின் முழுவதையும் கண்ணால் வாசித்துத் திருத்துங்கள். குறிப்பாகக் காலும் ரகரமும் மாறியிருக்கும் இடங்களைப் பாருங்கள்.

7. வெண்பாவுக்கு எல்லாமே விதிதானே. அப்ப கொம்பியூட்டருக்கு அது லேசு, புதுக்கவிதைதான் கஷ்டம். சரியோ?

சரி பார்ப்பது இலேசு, பாடுவது இலேசன்று. சொல்லை நேர், நிரை என்னும் அசைகளாகப் பிரிக்கிறோம். அசைகள் சேர்ந்தது சீர்; ஒரு சீரின் இறுதியும் அடுத்த சீரின் முதலும் இணைவது தளை. புளிமா, தேமா, கூவிளம் என்பவை சீர்களின் வாய்பாட்டுப் பெயர்கள்; ஈரசைச் சீர்களில் மா நேரிலும் விளம் நிரையிலும் முடியும். சரி பார்ப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘குளத்தில் மழைநீர்’ என்பதில் ‘குளத்தில்’ நிரையும் நேருமாகப் புளிமா. மாச்சீரை அடுத்து நிரை வருவது வெண்டளை. ‘மழை’ நிரை, எனவே தளை பொருந்துகிறது. இதையே ‘குளத்தில் தண்ணீர்’ என்று எழுதினால் ‘தண்’ நேராகி ஆசிரியத்தளை பிறக்கிறது, வெண்பா கெடுகிறது. குறில், நெடில், ஒற்று என்று எழுத்தை வகுக்கத் தெரிந்த நிரல் இதை நொடியில் சொல்லும். அவலோகிதம் என்னும் யாப்பு மென்பொருள் பாவை உள்ளிட்டதும் அசை, சீர், தளை, தொடை அனைத்தையும் பிரித்துக் காட்டுகிறது. யாப்புக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதை வகுப்பில் பயன்படுத்த வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

நுட்பமான இடம் புணர்ச்சி. ‘காடு எங்கும்’ என்று பிரித்து எழுதினால் தேமா, தேமா என இரண்டு சீர். ‘காடெங்கும்’ என்று சேர்த்தால் உகரம் கெட்டு, தேமாங்காய் என ஒரே சீர். நிரலுக்குத் தெரிவது நீங்கள் விட்ட இடைவெளி மட்டுமே. எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்பதைப் பாடுபவரே தீர்மானிக்க வேண்டும்.

பெரிய மொழி மாதிரிகள் வெண்பா என்று சொல்லித் தருபவை பெரும்பாலும் வெண்பாவாக இருப்பதில்லை. அவை சொற்களை எழுத்தாகவோ அசையாகவோ காண்பதில்லை. தமக்கென வகுத்த துண்டுகளாகவே காண்கின்றன. அத்துண்டுகள் அசை எல்லையில் முடிய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஐந்தாம் கேள்வியில் கண்ட இடர் இங்கே இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஆகவே மாதிரி தந்ததை யாப்பு மென்பொருளில் இட்டுப் பாராமல் எவரும் ‘வெண்பா’ என்று அச்சிட வேண்டாம்.

8. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறம். திதி வெண்பாவைக் கொம்பியூட்டரிட்டைக் கேக்கலாமோ?

கல்வெட்டு என்பது இங்கே, இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையில் வழங்கும் நினைவு நூல்; அவர் இறந்த திதியைச் சொல்லும் வெண்பா அதில் இடம்பெறும். இதுவே வளர்ந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. ஊர்தோறும் திதி வெண்பா பாடிக் கொடுக்கும் புலவர்கள் குறைந்து வருவதால் கேள்வி நியாயமானதே. அந்த வெண்பாவில் ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை) என்பது, திதி, இறந்தவரின் பெயர் ஆகியவை இடம்பெற வேண்டும். பிள்ளைகள் ஆண்டுதோறும் திவசம் கொடுப்பது அந்தத் திதியைப் பார்த்தே. எனவே திதியைக் கணினியிடம் கேட்காதீர்கள். மொழி மாதிரி தெரியாத திதியையும் தெரிந்தது போலவே எழுதிவிடும். வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் இரண்டும் நம்மிடையே வழக்கில் உள்ளன. இரண்டிலும் திதி முடியும் நேரம் வேறுபடும். உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறதோ அதைக் கொண்டு ஐயர் கணித்துத் தருவதே உங்களுக்குத் திதி.

திதி தெரிந்தபின் நிரல் மெய்யாகவே உதவும். பன்னிரண்டு மாதங்களில் சித்திரை, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, பங்குனி ஆகிய ஆறும் கூவிளம். விளத்தை அடுத்து நேர் வர வேண்டும் என்பதால் இந்த ஆறுக்கும் அடுத்து ‘பூர்வ’ என்று தொடங்கலாம். ‘அபர’ என்று தொடங்கினால் தளை தட்டும், ‘தேய்பிறை’ என்றால் பொருந்தும். அறுபது ஆண்டுப் பெயர்களையும் இவ்வாறே வாய்பாட்டோடு பட்டியலிடலாம். 2024 சித்திரையில் பிறந்த குரோதி புளிமா, எளிது. 2025 சித்திரையில் பிறந்த விசுவாவசு நிரை, நேர், நிரை என்று கனிச்சீராகிறது. கனிச்சீர் வெண்பாவில் வராது. ‘விசுவா வசுவாண்டில்’ என்று பிரித்துப் புளிமாவும் புளிமாங்காயுமாக ஆக்கினால் தளை நிற்கும். இத்தகைய மாற்று வழிகளை எல்லாம் தேடி முன்னே வைப்பது நிரலுக்குத் தகுந்த வேலை.

இறந்தவரைப் பற்றிய அடியை மட்டும் வீட்டார் சொல்லி, யாப்பறிந்த ஒருவர் எழுதட்டும். ‘பண்பின் சிகரம்’, ‘பாசத்தின் உறைவிடம்’ என்ற தொடர்கள் எவருக்கும் பொருந்துவதாலேயே அவருக்குப் பொருந்தா. அவர் எந்த வயலைச் செய்தார், எந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார் என்பது நிரலின் பட்டியலில் இல்லை.

9. வன்னியைப் பற்றிக் கவிதை கேட்டா, எங்கட ஊர் மணமே வருகுதில்லை. ஏன்?

மாதிரி எதைப் படித்ததோ அதையே எழுதும். இணையத்தில் தேடி எடுக்கத்தக்க தமிழ் எழுத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். நம்முடைய அருவி வெட்டு அங்கே அறுவடை ஆகிறது. குளம் ஏரி ஆகிறது. வண்டில் வண்டி ஆகிறது. காலபோகம், சிறுபோகம், சூடு மிதிப்பு, கதியால், தறப்பாள் என்ற சொற்கள் தாமாக வருவது அரிது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பெருமளவில் சேர்க்கப்பட்டிருப்பினும், அவற்றிற் பெரும்பாலானவை பக்கங்களின் படங்களாகவே உள்ளன. படத்தில் இருக்கும் சொல் எழுத்தாக மாற்றப்படும் வரை நிரலுக்கு அது சொல்லாகாது. அச்சேறாமல் முதியவர்களின் வாயில் மட்டும் இருக்கும் நாட்டார் பாடல்கள் அதற்கும் அப்பால் இருக்கின்றன.

ஆகவே மூன்றாம் கேள்வியில் சொன்ன பட்டியலை முதலில் நமது சொற்களால் நிரப்புங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் மரங்களின் பெயர்களைக் கேளுங்கள்: பாலை, வீரை, முதிரை. வயலில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள பெயரைக் கேளுங்கள். மொழி மாதிரியைப் பயன்படுத்துவதாயினும் அந்தப் பட்டியலை அதனிடம் கொடுத்து, இச்சொற்களால் எழுதுமாறு கேட்டால் விளைவு பெரிதும் மாறும். வன்னிச் சொற்களை ஒருங்குறியில் தட்டெழுதிச் சேர்த்துவைக்கும் மாணவர், கவிதை ஒன்றும் எழுதாவிட்டாலும், பெரிய வேலையைச் செய்தவராவார்.

10. 2009 பற்றிக் கவிதை எழுதச் சொல்லிக் கேக்கலாமோ?

நீங்கள் கேட்டால் அது எழுதித் தரும். இரத்தம், சாம்பல், கண்ணீர் என்று எங்கும் படித்த உருவகங்களை அடுக்கும். முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களும், அவர்களின் பிள்ளைகளும் நம்மிடையே வாழ்கிறார்கள். ‘நான் கண்டேன்’ என்று தன்மையில் எழுதும் கவிதை ஒரு சாட்சியம். காணாத ஒன்று ‘கண்டேன்’ என்று எழுதியதை உங்கள் பெயரிலோ, பெயரின்றியோ வெளியிடுவது உண்மையாகக் கண்டவரின் சொல்லின் மதிப்பைக் குறைக்கும். எனவே கூடாது என்பதே எனது விடை.

ஒரு வழி உண்டு. தாயொருவர் சொன்ன வாக்கியங்களை, அவரின் ஒப்புதலோடு, ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்து, அவற்றின் வரிசையை மட்டும் மாற்றி மாற்றி அடுக்கும் நிரலை எழுதலாம். சொன்னதையே மீண்டும் மீண்டும் வேறு வரிசையில் சொல்வது துயருற்றவர் பேசும் முறைக்கு அண்மையாக இருக்கிறது. எந்த வரிசை வெளிவரலாம் என்பதை அந்தத் தாயே தெரிவு செய்ய வேண்டும்.

11. தமிழ்த்தினப் போட்டிக்கு இப்பிடி எழுதிக் குடுத்தால் பிழையோ?

பிழை. அங்கே நடுவர்கள் மதிப்பிடுவது மாணவரின் ஆக்கத்திறனை. பயிற்சிக்காக நிரலிடம் எதுகைச் சொற்களைக் கேட்பதிலும், எழுதியதைத் தளை பார்ப்பதிலும் தவறில்லை. அகராதி பார்ப்பது போன்றதே அது.

12. அப்ப அந்தக் கவிதை ஆற்றை? ஆற்றை பேரைப் போடுறது?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் என்பவரை ஆக்கத்தைப் படைத்த மனிதராகவே வரையறுக்கிறது. பட்டியலையும் விதியையும் நீங்களே எழுதி, வந்தவற்றுள் தெரிந்தெடுத்தீர்கள் என்றால் உங்கள் பெயரைத் தயங்காமல் இடுங்கள்; கீழே ‘நிரலின் துணையுடன்’ என்று குறிப்பிடுங்கள். ஒரு வரிக் கட்டளைக்கு மொழி மாதிரி தந்ததை அப்படியே எடுத்தீர்கள் என்றால், அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் பெயரிடுவது வாசகரை ஏமாற்றுவதாகும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகள் பல உண்டு. செய்தது எதுவோ அதை ஒரு வரியில் எழுதிவிட்டால் வாசகரே எடைபோட்டுக்கொள்வார்.

13. மனிசராலை ஏலாத, நிரலாலை மட்டும் ஏலுமான கவிதை ஏதும் இருக்கோ?

மனிதரால் இயலாதது என்று சொல்ல மாட்டேன். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர், முன்னிருந்து பின்னாக வாசித்தாலும் பின்னிருந்து முன்னாக வாசித்தாலும் மாறாத மாலைமாற்றுப் பதிகத்தைச் சீகாழி மீது பாடினார். அது மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. கட்டளைக் கலித்துறை என்னும் செய்யுள் வடிவமோ, ஒற்று நீக்கி எண்ணினால் நேரில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வேண்டும் என்கிறது. எண்ணிக்கையும் தேடலும் நிறைந்த இத்தகைய வடிவங்களைப் பெரும்பாலோர் அஞ்சிக் கைவிட்டுவிட்டனர். நிரல் மீட்டுத் தரக்கூடியவை இவை என்று நம்புகிறேன்.

மாலைமாற்றுக்கு இவ்வாறு தொடங்கலாம். ஒன்பதாம் விடையிற் சொன்ன சொற்பட்டியலை எடுத்து, ஐந்தாம் விடையிற் சொன்னபடி ஒவ்வொரு சொல்லையும் எழுத்துகளாகப் பிரித்து, திருப்பிப் பாருங்கள். திருப்பினாலும் மாறாத சொற்கள் ஒரு பட்டியல். திருப்பினால் வேறொரு பொருளுள்ள சொல்லாகுபவை இன்னொரு பட்டியல். பின்னர் இரண்டிரண்டு சொற்களைச் சேர்த்து, ‘தேரு வருதே’ என்பது போலச் சொல் எல்லையைத் தாண்டித் திரும்புபவற்றைத் தேடச் செய்யுங்கள். மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் திரும்பும்போது சொல்லின் முதலில் ஒற்று வந்து நிற்கும். ஆகையால் ஒற்றில் முடியும் சொற்களைத் தொடக்கத்திலேயே நீக்கிவிட்டால் தேடல் விரைவாகும். நிரல் தரும் நீண்ட பட்டியலில் பொருள் தருவது எது என்று வாசித்துப் பார்க்க மட்டும் பொறுமை வேண்டும். ஒரு மாலை முழுவதும் இருவர் சேர்ந்து இருந்து வாசித்தால் ஓரிரு அடிகளாவது தேறும்.